வெள்ளித்திரைக்கு வித்திட்டவர்

பம்பாய் நகரின் வாட்சன் விடுதியில் 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், இந்திய மண்ணில் முதன்முறையாக அசையும் படங்கள் காட்டப்பெற்றன. நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். பிரான்சு நாட்டு லூமியர் சகோதரர்கள் அனுப்பிவைத்த அக்குறும்படங்களில், தொடர்வண்டி ஒன்று நிலையத்திற்குள் வந்து நின்றது. தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறினர். சிலர் கடலில் நீராடினர். பார்த்தவர்கள் வியந்தனர். அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்நாட்டின் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் கதைப்படங்களாக ஓடியவை பெரும்பாலும் பிறநாட்டார் எடுத்தவையே. திரையில் நடந்த தெருவும் பிறர் தெரு; அழுத முகமும் சிரித்த முகமும் பிறர் முகம். இந்தக் குறையை ஒருவர் தம் வீட்டுக் குறையாகவே கருதினார். அதனைத் தீர்க்கத் தம் கண்ணொளியையும் மனைவியின் நகைகளையும் பணயமாக வைத்தார். துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்பது அவரது இயற்பெயர். மராத்தி மொழியில் அண்ணனைக் குறிக்கும் ‘தாதா’ என்னும் சொல்லோடு மதிப்பு விகுதியும் சேர, மக்கள் அவரைத் தாதாசாகேப் பால்கே என்று அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

கோதாவரி ஆறு தோன்றும் இடமெனப் போற்றப்படும் திரியம்பகேசுவரம் என்னும் திருத்தலம் நாசிக் நகருக்கு அருகில் உள்ளது. அவ்வூரில் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பால்கே பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். அவருக்குப் பம்பாய் வில்சன் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைக்கவே, குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. பரம்பரை வழக்கப்படி மகனும் சாத்திரம் பயின்று புரோகிதம் செய்திருக்க வேண்டும். ஆனால் சிறுவனின் கை எழுத்தாணியைவிடத் தூரிகையையே நாடியது. ஆகவே 1885ஆம் ஆண்டில் பம்பாயின் புகழ்பெற்ற ஜே. ஜே. கலைப்பள்ளியில் அவர் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவின் கலாபவனத்தில் ஓவியமும் ஒளிப்படக் கலையும் கற்றார். படத்தைக் கழுவி அச்சிடும் முறைகள் அனைத்தும் அங்கேதான் அவருக்குக் கைவந்தன.

கற்ற கலை சோறு போட மறுத்தது. ஒளிப்படக் கருவி ஆளின் ஆயுளை உறிஞ்சிவிடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அஞ்சி ஒதுங்குவோரிடம் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைப்பது எளிதன்று. குஜராத்தின் கோத்ரா நகரில் அவர் ஒளிப்படக் கூடம் வைத்து நடத்தியபோது, நாட்டையே உலுக்கிய பிளேக் நோய் அவர் இல்லத்திற்குள்ளும் புகுந்தது. மனைவியையும் குழந்தையையும் அது கொண்டுபோயிற்று. கூடத்தை மூடிவிட்டு அவர் பரோடாவுக்குத் திரும்பினார்.

ஜெர்மானிய வித்தைக்காரர் ஒருவரிடம் அவர் கண்கட்டு வித்தை பயின்றதும் இக்காலத்தில்தான். தம் பெயரைத் திருப்பிப் போட்டு ‘பேராசிரியர் கேல்பா’ என்ற புனைபெயரில் மேடையேறியதும் உண்டு. இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டுவதும், இருந்த பொருளை நொடியில் மறைப்பதும் பிற்காலத்தில் அவர் படங்களில் தேவர்களும் அரக்கர்களும் செய்த வேலைகளே. ஆகவே இதனை வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது.

1902ஆம் ஆண்டில் பால்கே மறுமணம் செய்துகொண்டார். கிரிஜா என்னும் அப்பெண்மணி திருமணத்திற்குப் பின் சரசுவதிபாய் எனப் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டே பால்கேவுக்குத் தொல்லியல் துறையில் ஒளிப்படக்காரராகவும் வரைவாளராகவும் அரசுப் பணி கிடைத்தது. மாதம் தவறாமல் ஊதியம் வரும் வேலை அது. எனினும் வங்கப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியபோது, அந்நிய அரசின் பணியில் இருக்க அவர் மனம் இசையவில்லை. 1906ஆம் ஆண்டில் வேலையை உதறினார். லோனாவாலாவில் அச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கி, இராசா இரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்ட அச்சகத்திற்கு வேண்டிய அச்சுப் பணிகளைச் செய்தார். இலக்குமியும் சரசுவதியும் ஏழை வீட்டுச் சுவர்களில் வண்ணப்படங்களாகக் குடியேறிய காலம் அது. கடவுளர் உருவங்களை எளிய மக்கள் எவ்வளவு விருப்பத்தோடு வாங்குகின்றனர் என்பதைப் பால்கே அங்கே கண்ணாரக் கண்டார்.

அச்சுத்தொழில் தாதரில் விரிவடைந்தது. புதிய வண்ண அச்சு இயந்திரங்களை வாங்க 1909இல் அவர் ஜெர்மனிக்கும் சென்று வந்தார். ஆயினும் பங்காளிகளோடு கருத்து வேறுபாடு முற்றியது. தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஒரு மாலைப்பொழுது

1911ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டிய நாள்களில், பம்பாய் கிர்காம் பகுதியில் இருந்த கூடாரக் கொட்டகை ஒன்றிற்குப் பால்கே தம் மூத்த மகன் பாலச்சந்திரனுடன் சென்றார். திரையில் விலங்குகள் நடமாடின. வீடு திரும்பிய சிறுவன் கண்டதைச் சொல்ல, வீட்டில் யாரும் நம்பவில்லை. மறுநாள் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு பால்கே மீண்டும் அங்குச் சென்றார். அன்று காட்டப்பெற்றது இயேசுநாதரின் வாழ்க்கை பற்றிய படம். இயேசுவின் வரலாறு திரையில் ஓடிக்கொண்டிருக்க, பால்கேயின் மனக்கண்ணில் இராமனும் கண்ணனும், கோகுலமும் அயோத்தியும் தோன்றின. இவர்களை இவ்வாறு திரையில் காணும் நாள் வருமா, வருமாயின் அதனைச் செய்வோர் யார் என்னும் எண்ணம் அவரை விடாது பற்றிக்கொண்டது.

அன்று தொடங்கி அவர் வாழ்வில் வேறு அலுவல் இல்லை. மாலைதோறும் நான்கைந்து மணி நேரம் படம் பார்த்தார். அயல்நாட்டு விலைப்பட்டியல்களையும் நூல்களையும் வரவழைத்துப் படித்தார். சிறிய கருவி ஒன்றை வாங்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவெல்லாம் வீட்டுச் சுவரில் படம் காட்டிப் பார்த்தார். உறக்கம் சுருங்கியது. கண்கள் தாங்கவில்லை, பார்வை மங்கி, ஒரு கட்டத்தில் முற்றும் மறைந்தேபோனது. காட்சிக் கலைக்கென்று தம்மை ஒப்படைத்தவருக்குக் காட்சியே இல்லாமற் போன அந்நாள்களில் சரசுவதிபாய் அருகிருந்து காத்தார். மருத்துவத்தாலும் ஓய்வாலும் பார்வை மெல்ல மீண்டது. ஆனால் ஓய்வு என்பது அவருக்கு மருந்து முடியும் வரைதான்.

படக்கலையை முறையாகக் கற்க இலண்டன் செல்ல வேண்டும், பணமோ இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள தம் ஆயுள் காப்பீட்டு ஆவணங்களை அடகு வைத்துப் பத்தாயிரம் ரூபாய் கடன் பெற்றார். குடும்பத் தலைவன் இல்லாத காலத்தில் குடும்பத்தைக் காக்கவேண்டிய பணம் அது. அதனை முதலாக்கி, 1912 பிப்ரவரி முதல் நாள் அவர் கப்பலேறினார். உற்றாருள் பலர் இதனைப் பித்து என்றே எண்ணினர். அவர்கள் மேல் குறை காண்பதற்கும் இல்லை.

இலண்டனில் அவருக்குத் தெரிந்தவர் எவரும் இலர். தாம் சந்தா கட்டிப் படித்துவந்த ‘பயாஸ்கோப்’ என்னும் திரைப்பட வார இதழின் பெயர்ப்பலகையைக் கண்டு, நேரே உள்ளே சென்று ஆசிரியரைச் சந்தித்தார். இங்கிலாந்திலேயே படத்தொழிலில் பலர் தோற்றுப்போகின்றனர், இந்தியத் தட்பவெப்பமும் இதற்கு ஏற்றதன்று என்று அந்த ஆசிரியர் முதலில் எச்சரித்தார். பின் வந்தவரின் உறுதியைக் கண்டு, கருவிகள் வாங்க உதவியதோடு, சிசில் ஹெப்வொர்த் என்னும் படத்தயாரிப்பாளரிடமும் அறிமுகம் செய்துவைத்தார். ஹெப்வொர்த்தின் படநிலையத்தில் எல்லாப் பிரிவுகளையும் பால்கே பார்த்துப் பயின்றார். ஐம்பது பவுன் விலையில் வில்லியம்சன் படப்பிடிப்புக் கருவியை வாங்கினார். படச்சுருளுக்கும், சுருளின் ஓரங்களில் துளையிடும் கருவிக்கும் பணம் கட்டினார். இரண்டு வாரப் பயிற்சிதான். ஏப்ரல் முதல் நாளன்று அவர் மீண்டும் பம்பாயில் இருந்தார்.

பட்டாணிச் செடி

கருவிகள் வந்துசேர்ந்தன, ஆனால் படம் எடுக்கப் பணம் தருவார் இலர். தம் திறமையைப் பிறர் நம்பும்படி காட்டப் பால்கே ஓர் எளிய வழி கண்டார். தொட்டி ஒன்றில் பட்டாணி விதையை ஊன்றி, அதன்முன் கருவியை அசையாமல் நிறுத்தினார். விதை முளைப்பதையும் இலை விடுவதையும் கொடியாய்ப் படர்வதையும், ஒரு மாதத்திற்கும் மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். ஒரு திங்கள் வளர்ச்சி ஒரு நிமிட அளவில் திரையில் ஓடியது. கண்முன்னே செடி கிடுகிடுவென எழுவதைக் கண்டவர்கள் இது மந்திரமோ என மலைத்தனர். அவர்களுள் சிலர் கடன் தர முன்வந்தனர். போதாதற்குச் சரசுவதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின.

எடுக்கவிருந்த கதை அரிச்சந்திரன் கதை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்து மேடைகளில் விடிய விடிய நடந்து, சுடுகாட்டுக் காட்சியில் ஊரையே கலங்கவைக்கும் அதே கதை மராத்திய மண்ணிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. காந்தியடிகள் சிறுவயதில் நாடகமாகப் பார்த்து உருகியதும் இக்கதையே. நாம் சந்திரமதி என்று அழைக்கும் அரசி வடநாட்டு வழக்கில் தாராமதி. நம் லோகிதாசன் அங்கே உரோகிதன்.

அரசனாக நடிக்க டப்கே என்னும் நாடக நடிகர் கிடைத்தார். அரசிதான் கிடைக்கவில்லை. நாளிதழில் விளம்பரம் செய்தும் பயனில்லை. நாடகத்தில் நடிப்பதே இழிவெனக் கருதப்பட்ட காலம்; திரைப்படமோ அதனினும் புதுமையானது. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட பெண்கள்கூட மறுத்துவிட்டனர். இறுதியில் கிராண்ட் சாலை உணவகம் ஒன்றில் பணியாற்றிய சாளுங்கே என்னும் இளைஞர் பால்கேயின் கண்ணில் பட்டார். மெலிந்த உடல், மென்மையான கைகள். உணவகத்தில் அவர் பெற்ற மாத ஊதியம் பத்து ரூபாய். பால்கே பதினைந்து ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்துவந்தார். இவ்வாறு இந்தியத் திரையின் முதல் அரசி, ஐந்து ரூபாய் கூடுதல் ஊதியத்திற்கு வந்த ஓர் ஆண்மகனாக அமைந்தார். உரோகிதனாக நடித்தவன் பால்கேயின் மகன் பாலச்சந்திரனே.

நடிகர்களுக்கு வேறோர் இடர்ப்பாடும் இருந்தது. என்ன வேலை செய்கிறாய் என்று ஊரார் கேட்டால் விடை சொல்ல நாணினர். அரிச்சந்திரன் என்பவரின் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லிவிடுமாறு பால்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முழுவதும் பொய்யும் இல்லை. தாதர் வீட்டில் அப்போது நடந்தது தொழிற்சாலை வேலையேதான். காட்சிச் சீலைகளைத் தீட்டியவரும், கதையைப் பிரித்து எழுதியவரும், நடிப்புக் கற்றுக்கொடுத்தவரும், எடுத்த படத்தைக் கழுவி ஒட்டியவரும் பால்கே ஒருவரே. கருவியை இயக்கும் வேலையை மட்டும் தம் நண்பர் தெலங் என்பவருக்குப் பழக்கிவிட்டார்.

எஞ்சிய வேலை எல்லாம் சரசுவதிபாயின் தோளில் விழுந்தது. அறுபது எழுபது பேருக்கு அவரே சமைத்தார். அக்காலப் படச்சுருள் துளையிடப்படாமல் வரும். துளை இல்லையேல் கருவியின் பற்கள் அதனைப் பற்றி இழுக்கமாட்டா. ஒளி படாமல் இருட்டறையில் அமர்ந்து அவர் அத்துளைகளை இட்டார். பகலில் வெயிலை நடிகர் முகத்தில் திருப்புவதற்காக வெள்ளைத் துணியை ஏந்தி மணிக்கணக்கில் நின்றார். படம் கழுவும் வேதிப்பொருள்களைக் கலக்கவும் கற்றுக்கொண்டார். அரசியாக நடிக்குமாறு கணவர் அவரையும் கேட்டதுண்டு. இத்தனை வேலைகளுக்கிடையே அதற்கும் நேரமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அம்மறுப்பில் நியாயம் இருந்தது.

வெளிப்புறக் காட்சிகளுக்காக நடிகர்கள் ஒரு சிற்றூருக்குச் சென்றபோது நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்றும் சுவையாகப் பேசப்படுகிறது. வாளும் வேலும் கேடயமும் ஏந்திய கூட்டம் ஒன்று ஊருக்குள் நுழைவதைக் கண்ட மக்கள், கொள்ளைக்கூட்டம் வந்துவிட்டது எனக் கருதிக் காவலருக்குச் சொல்லியனுப்பினர். அரசரும் அமைச்சரும் காவலில் வைக்கப்பட்டனர். பின்னால் வந்துசேர்ந்த பால்கே எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை. முடிவில் அவர் கருவியை நிறுத்தி, காவலர் கண்முன்பே ஒரு காட்சியை நடத்திக்காட்டிய பிறகுதான் அவர்கள் விடுதலை பெற்றனர்.

ஆறு மாதம் இருபத்தேழு நாள் உழைப்பில், 3,700 அடி நீளமுள்ள ‘ராஜா அரிச்சந்திரா’ உருவாயிற்று. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பம்பாய் ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்டோர் முன்னிலையிலும், மே 3ஆம் நாள் காரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்கும் அது காட்டப்பெற்றது. பேச்சில்லாத ஊமைப்படம், காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகள் தோன்றிக் கதையைச் சொல்லின. இதற்கு ஓராண்டு முன்பே, 1912 மே மாதத்தில், தோர்ணே என்பவரின் ‘புண்டலிக்’ இதே அரங்கில் வெளிவந்தது. ஆகவே முதன்மை யாருக்கு என்னும் வழக்கு ஆய்வாளரிடையே உண்டு. மேடை நாடகத்தை ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் பதிவுசெய்ய, இலண்டனில் கழுவப்பெற்ற படம் அது. கருவி இயக்குவது முதல் சுருளைக் கழுவுவது வரை எல்லா வேலையும் இந்நாட்டார் கையாலேயே முடிந்த முழுநீளக் கதைப்படம் என்னும் பெருமை பால்கேயின் படத்திற்கு உரியது.

சூரத் நகரில் முதலில் கூட்டம் சேரவில்லை. இரண்டணாவுக்கு ஆறு மணி நேரம் நாடகம் பார்த்துப் பழகிய மக்கள், ஒன்றரை மணி நேரப் படத்திற்கு மூன்றணா கொடுக்கத் தயங்கினர். உடனே பால்கே விளம்பரத்தை மாற்றினார். ஐம்பத்தேழாயிரம் படங்களை, இரண்டு மைல் நீளத்திற்கு, வெறும் மூன்றணாவில் காணலாம் என்று அறிவித்தார். கூட்டம் அலைமோதியது. 3,700 அடி என்பது ஒரு மைலுக்கும் குறைவு என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பேராசிரியர் கேல்பா இன்னும் முழுவதும் மறையவில்லை போலும்.

வளமும் வறட்சியும்

அதே ஆண்டில் பால்கே தம் நிறுவனத்தை நாசிக்கிற்கு மாற்றினார். மலையும் ஆறும் கோயிலும் அங்கே செலவின்றிக் கிடைக்கும் காட்சிச் சீலைகள். அடுத்த படமாகிய ‘மோகினி பஸ்மாசுர’னில் துர்காபாய் காமத் என்னும் நாடக நடிகையும் அவர் மகள் கமலாவும் நடிக்க இசைந்தனர். தாய் பார்வதியாகவும் மகள் மோகினியாகவும் தோன்றினர். இந்தியத் திரையில் பெண்களே பெண் வேடம் பூண்டது அப்போதுதான். இதற்காக அத்தாயும் மகளும் கேட்ட ஏச்சுகள் பல.

1914இல் தம் படங்களுடன் பால்கே மீண்டும் இலண்டன் சென்றார். அங்குப் பாராட்டுக் கிடைத்தது. அங்கேயே தங்கி இந்தியக் கதைகளைப் படமாக்குமாறும், நிறைந்த ஊதியத்தோடு இலாபத்திலும் பங்கு தருவதாகவும் ஹெப்வொர்த் அழைத்தார். பால்கே அதனை ஏற்கவில்லை. இந்தியப் படம் இந்தியாவில்தான் உருவாக வேண்டும் என்பது அவர் உறுதி. அவர் திரும்பிய சில நாள்களில் முதல் உலகப்போர் மூண்டது. கடன் தருவதாகச் சொன்னவர்கள் கைவிரித்தனர்; கச்சாச் சுருளின் வரவு குறைந்தது. வீட்டில் எஞ்சியிருந்த நகைகளும் விற்பனைக்குப் போயின. இலண்டன் அழைப்பை ஏற்றிருந்தால் இத்துன்பம் இல்லை என்று எவரேனும் அவரிடம் சொல்லியிருக்கக்கூடும். அவர் அதற்குச் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை.

1917ஆம் ஆண்டில் ‘இலங்கா தகனம்’ வெளிவந்து எல்லாத் துன்பத்தையும் ஒரேயடியாய்த் துடைத்தது. உணவகத்திலிருந்து வந்த சாளுங்கே இதில் இராமனாகவும் சீதையாகவும் இருவேடம் ஏற்றார். திரையில் இராமன் தோன்றியதும் மக்கள் காலணிகளைக் கழற்றி வணங்கினராம். சென்னையில் வசூலான நாணய மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலோடு கொண்டுசென்றனர் என்றும் சொல்வர். பால்கேயின் படங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற நடராச முதலியார், சென்னையில் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்துத் தென்னிந்தியத் திரைக்குக் கால்கோள் செய்ததும் இக்காலத்தை ஒட்டியே.

வெற்றி கண்டு செல்வர்கள் தேடி வந்தனர். 1918இல் ஐந்து பங்காளிகளோடு ‘இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் கம்பெனி’ தோன்றியது. ‘ஸ்ரீகிருஷ்ண ஜன்மம்’, ‘காளிய மர்த்தனம்’ ஆகிய படங்கள் புகழும் பொருளும் ஈட்டின. கண்ணனாக நடித்தவள் பால்கேயின் சிறுமகள் மந்தாகினி. ஆனால் அச்சுக்கூடத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. செலவைக் குறைக்கவும் விரைவைக் கூட்டவும் பங்காளிகள் வற்புறுத்தினர். தரத்தைக் குறைக்கப் பால்கே ஒப்பவில்லை. மனம் வெறுத்து, படத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டுக் குடும்பத்தோடு காசிக்குச் சென்றார். அங்கே ‘ரங்கபூமி’ என்னும் மராத்தி நாடகத்தை எழுதினார். அரங்கேறிய அந்நாடகம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. பிறர் வேண்டுகோளுக்கிணங்கி மீண்டும் அதே நிறுவனத்திற்கு வந்து பல படங்களை எடுத்தார். எனினும் பழைய பொலிவு திரும்பவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்பதும், கணக்கு வழக்குகளில் கவனமற்றவர் என்பதும் பங்காளிகளின் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கலாம்.

1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் ‘ஆலம் ஆரா’ வெளியாயிற்று. திரை பேசத் தொடங்கியது, பாடவும் தொடங்கியது. அச்சமயத்தில் பால்கே ‘சேதுபந்தனம்’ என்னும் ஊமைப்படத்தைப் பெரும்பொருட்செலவில் எடுத்துக்கொண்டிருந்தார். ஊமைப்படத்தை இனி யார் பார்ப்பார்? படம் முடிந்தபின் அதற்கு ஒலி சேர்த்துப் பார்த்தனர், பயன் கிட்டவில்லை. கோலாப்பூர் நிறுவனம் ஒன்றிற்காக அவர் இயக்கி 1937இல் வெளிவந்த ‘கங்காவதரணம்’ அவருடைய ஒரே பேசும்படமும் இறுதிப் படமும் ஆயிற்று. அப்போது அவர் வயது அறுபத்தேழு. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து முழுநீளப் படங்களும் இருபத்தாறு குறும்படங்களும் அவர் கையால் உருவாகியிருந்தன.

கோதாவரிக் கரைக்கே அவர் திரும்பினார். அவர் தொடங்கிவைத்த தொழிலில் இலட்சங்கள் புரண்டன. புதிய நடிகர்கள் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் ஊதியம் பெற்றனர். நாசிக்கில் முதியவர் ஒருவர் வறுமையோடும் மறதியோடும் காலம் கழித்துக்கொண்டிருந்தார் என்பதை அத்தொழிலில் இருந்தோருள் மிகச் சிலரே நினைத்தனர். இந்தியத் திரைப்படத்தின் வெள்ளிவிழாவை 1939இல் கொண்டாடியபோது அவரை அழைத்துச் சிறப்பித்தனர். அதன்பின் மீண்டும் மறந்தனர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் பால்கே நாசிக்கில் காலமானார்.

கால் நூற்றாண்டு கழிந்தபின் நாடு அவரை நினைவுகூர்ந்தது. இந்தியத் திரைத்துறையின் மிக உயர்ந்த விருது 1969ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. முதன்முதலாக அதனைப் பெற்றவர் நடிகை தேவிகாராணி. தமிழ்த்திரையின் சிவாஜி கணேசனும் கே. பாலச்சந்தரும் ரஜினிகாந்தும் அவ்விருதால் சிறப்புற்றோர். 1971இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையும் வெளிவந்தது. இருட்டறையில் அமர்ந்து படச்சுருளுக்குத் துளையிட்ட சரசுவதிபாயின் பெயரில் இத்தகைய பெரும் விருது எதுவும் ஏற்படவில்லை.

அவர் எடுத்த படங்களுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும்; வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து பொடியாகும். ‘ராஜா அரிச்சந்திரா’வின் ஒரு பகுதியும், படம் எடுக்கும் முறையைக் காட்டும் குறும்படத்தின் சில துண்டுகளும் புனே நகரிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியுள்ளன. பெரும்பகுதி அழியாமல் கிடைத்திருப்பது ‘காளிய மர்த்தனம்’. அதன் தொடக்கத்தில் மந்தாகினி வேடமின்றித் தன் இயல்பான தோற்றத்தில் வந்து நிற்கிறாள். கோபம், சிரிப்பு, அழுகை என முகத்தில் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். பிறகு அச்சிறுமி மெல்ல மறைய, அவள் நின்ற இடத்திலேயே கண்ணன் தோன்றுகிறான்.